ஈறு நிறத்தில் ஒரு பின்விளக்கு

மேல்வரிசைப் பல்செட்டுக்கு
முன்பணம் கட்டிவிட்டுப் போன டார்டோ லாரால்டே
திங்கட்கிழமை திரும்பி வந்தார்.
அது கிடக்கட்டும் சுல்மா,
முதலில் இசபெல்லாவுக்குச் செய்து கொடு
என்றார் பொக்கை வாயோடு.

இசபெல்லா அவர் மனைவி அல்ல.
ஐம்பத்தெட்டாம் வருஷத்து போர்க்வார்ட்.
மெர்சிடஸ் என்று பெயர் வைத்த எங்கள் ஊரில்
போர்க்வார்ட் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.
இந்தச் சிலேடையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்,
இப்போது யாரும் சிரிப்பதில்லை.

பின்பக்கம் இரண்டு விளக்குக் கண்ணாடிகளும் கிடையாது.
ஒன்றை லாரி கொண்டுபோயிற்று,
மற்றதை ஆலங்கட்டி.
இரண்டு வருஷமாகச் சிவப்புக் காகிதம்தான்.
செய்த கம்பெனி ஜெர்மனியில் மூடி
அறுபது வருஷத்துக்கு மேலாகிறது.
வெள்ளிக்கிழமை வண்டிச் சோதனை.
காகிதத்தை விளக்கென்று ஒப்புக்கொள்ளும் அதிகாரி
உருகுவேயில் இன்னும் பிறக்கவில்லை.

துராஸ்னோவில் பிதெகாயின் என்றொருவர்
தன் வண்டியின் இடது கண்ணாடியைக் கழற்றி
கம்பளிக் காலுறைக்குள் செருகி
பஸ்ஸில் போட்டு அனுப்பினார்.
உள்ளே ஒரு சீட்டு:
வியாழனுக்குள் திரும்ப வேண்டும்.
காலுறையும்.

வாயில் அளவெடுக்கும் மாவைக் குழைத்து
அதற்குள் விளக்கை அழுத்தினேன்.
குமட்டவில்லை, துப்பவில்லை,
பேச்சுக் கொடுக்கவில்லை.
இருபது வருஷத்தில் இவ்வளவு நல்ல நோயாளி
எனக்கு வாய்த்ததில்லை.
மூலையில் எள்ளளவு ஒரு உடைசல்,
அதுவும் அச்சில் விழுந்தது.

என் அலமாரியில் வெள்ளையில் பதினாறு வகை:
சுருட்டுக்காரர் வெள்ளை,
நாள்முழுக்க மாத்தே உறிஞ்சுகிறவர் வெள்ளை,
கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் வெள்ளை.
சிவப்பு இல்லை.
சிவப்புக்குத் தூரத்துச் சொந்தம்
ஈறுக்குப் போடும் ரோஜா நிறம்.
அதையே ஊற்றி
குக்கரில் வேகவைத்து எடுத்தேன்.

டார்டோ மாட்டிப் பார்த்தார்.
வண்டி தெருவைப் பார்த்து
ஈ என்று இளித்தது.
பக்கத்து பேக்கரிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
டார்டோவும் குனிந்து சிரித்தார்.
அவர் ஈறும் விளக்கும் அருகருகே வந்தபோது பார்த்தேன்,
நிறம் துல்லியமாகப் பொருந்தியிருந்தது.

பிறகு மெழுகுவர்த்திக்குப் போடும் சாயம்.
முதல் ஊற்றலில் மீன்முட்டை மாதிரிக் குமிழ்கள்.
இரண்டாவது, இருமல் மருந்து.
மூன்றாவதை ஜன்னலில் பிடித்தேன்,
என் உள்ளங்கை சிவந்தது.

வலது?
வலதுக்கு அசலே இல்லை.
குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால்
இடதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
மெழுகில் வலதைச் செதுக்கினேன்.
இடது கடைவாய்ப்பல்லைப் பார்த்து வலதைச் செய்கிறவளுக்கு
இது பெரிய வித்தையில்லை.
கம்பெனி பெயர் மட்டும் இடம்வலமாகப் புரண்டு
மூன்றாவது எழுத்தில் என்னைக் குழப்பியது.
சுரண்டிவிட்டேன்.
அந்த உடைசலைக்கூடச் செதுக்கியிருக்கிறேன்,
கைப்பழக்கம்.

புதன் நள்ளிரவு
மேசையில் மூன்று விளக்குகள்:
ஒரு வலது, இரண்டு இடது.
எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.
ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில்
ஒரு இடதைக் காலுறைக்குள் போட்டேன்.

சோதனையில் தேறிவிட்டது.
ஆற்றங்கரைச் சாலையில், அந்தி நேரம்,
அவர் பிரேக் போடப்போட
என் சைக்கிளில் பின்னாலேயே போனேன்.
இரண்டு சிவப்பும் ஒன்றில்லை.
இடது கொஞ்சம் மங்கல்.
சாயம் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று பிதெகாயின் கூப்பிட்டார்.
அறுபது வருஷ மங்கலைப் போக்கிவிட்டீர்களே அம்மா,
எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?

சற்றுநேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.

பற்பசை, என்றேன்.

வாசலில் இசபெல்லா நிற்கிறாள்.
நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்,
அச்சு எது அசல் எது என்று
சத்தமே சொல்லிவிடும்.
டார்டோ நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கிறார்.

மாவைக் குழைத்துக்கொண்டு வந்து
வாயைத் திறங்கள், என்றேன்.